செருப்பைக் கழற்றி வைத்துப் பேசியவர்

நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார் என்றால், எங்கள் மேடம் யாரிடமோ தான் சொன்னது தப்பு என்று சொல்லப் போகிறார் என்று அர்த்தம். கோயில் வாசலில் விடுவது போல இரண்டையும் சேர்த்து வைப்பார். பிறகு கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, "நான் முன்னே சொன்னது தப்பாக்கும்" என்பார். எதிரில் நிற்பவர் பெரிய அதிகாரியா, மீன் கூடைக்காரரா என்று பார்க்க மாட்டார்.

அவர் பெயரை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை, பிள்ளைகளே. அவருக்குப் பிடிக்காது. கொச்சியில் நான் பூச்சி பிடிக்கும் வேலை பார்த்த கொசு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் விஞ்ஞானி. தலைமுறைகளாகப் பாலக்காட்டில் இருந்த தமிழ்க் குடும்பம். எங்களைப் போலத் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்களின் தமிழை அவர் ரசித்துக் கேட்பார். நாங்கள் அவருடைய 'ஆக்கும்' தமிழை அவர் இல்லாதபோது பேசிக் காட்டிச் சிரிப்போம்.

தொண்ணூறுகளில் எங்கள் நிலையத்துக்கு ஒரே வேலைதான், யானைக்கால் நோய். இருட்டிய பிறகு வீடு வீடாகப் போய் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். அந்தக் கிருமி இருட்டியபின்தான் ரத்தத்தில் வெளியே வரும். பகலில் சாக்கடை ஓரத்திலும் கழிவறைத் தொட்டிகளிலும் கொசுப்புழு தேடுவோம். ஒரு கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் கொசுவை உயிரோடு பிடிப்பேன். தெருக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஆபீஸ் காகிதத்தில் என் வேலைக்குப் பேர் 'இன்செக்ட் கலெக்டர்'. "கலெக்டர் வந்நு, கலெக்டர் வந்நு! கொசு கலெக்டர்!" என்று கத்துவார்கள். மேடம் சிரித்துக்கொண்டே, "கலெக்டருக்கு ஒரு சாயா கொடுங்கோ" என்பார்.

செருப்புக் கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் அக்கரையில், வைப்பின் தீவில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு சேட்டன், தென்னை மட்டையில் இருந்த ஒரு பூச்சியைக் காட்டி, "இது கடிக்குமா மேடம்?" என்று கேட்டார். மேடம் பார்த்துவிட்டு, "இல்லை, இது பாவம். ஒண்ணும் செய்யாது" என்றார். அன்று சாயங்காலம் நிலையத்தில் ஏதோ தடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் காலை முதல் வேலையாக என்னையும் கூட்டிக்கொண்டு படகேறினார். ஃபோர்ட் கொச்சித் துறையில் நல்ல கூட்டம். நெருக்கியடித்து நின்று அக்கரை போய், அந்தச் சேட்டனைத் தேடிக் கண்டுபிடித்து, மணலில் செருப்பைக் கழற்றி வைத்தார்.

"சேட்டா, நேத்து நான் சொன்னது தப்பாக்கும். அந்தப் பூச்சி கடிக்கும்."

அவருக்கு எந்தப் பூச்சி என்றே நினைவில்லை. நான் எடுத்துச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "அதா! அது என்னை எத்தனை தடவை கடிச்சிருக்கு மேடம்!"

"அப்ப நேத்தே ஏன் சொல்லலை?"

"நீங்க படிச்சவங்க. கடிக்காதுன்னு சொல்லிட்டீங்க. எதிர்த்துப் பேசறது மரியாதையில்லையே."

திரும்பி வரும் படகில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். மேடம் சிரிக்கவில்லை. "அந்த ஆள் மரியாதைக்காக வாயை மூடிண்டார், பாத்தாயா?" என்று மட்டும் சொன்னார். காயல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு தடவை நம் வீட்டுக்கே வந்தார். பாப்பா, நீ அப்போது தொட்டிலில். ஒரு கண்ணாடிப் பெட்டி உடைந்ததற்கு அன்று காலை எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் தோள்பை இழுத்துத்தான் அது விழுந்திருக்கிறது. சாயங்காலம் நம் காலனிக்குள் விசாரித்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றார். உங்கள் அம்மா என் வேலை போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். "அவருக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல மேடம், மன்னிச்சிடுங்க" என்று அழ ஆரம்பித்தாள். "ஐயோ, நான்தான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்று மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீடுகளிலெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு உடம்பு கூசியது. இப்படியும் ஒரு மனுஷியா என்று ஒரு பக்கம் அன்பு. நாலு பேர் பார்க்க இப்படி நிற்கிறாரே என்று ஒரு பக்கம் சங்கடம். அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இந்த இரண்டும் கலந்துதான் இருந்தன.

நிலையத் தலைவரை நாங்கள் பெரிய சார் என்போம். நல்ல மனிதர்தான். அவர் ஒருநாள், "மேடம், நீங்க இப்படித் தெருத்தெருவா நடந்தா செருப்புத் தேயறதுதான் மிச்சம்" என்றார். "கழட்டிடறேனே சார், எங்கே தேயும்?" என்றார் மேடம். அறையே சிரித்தது.

இனி கதீஜா இத்தாவைப் பற்றி, நம் பேச்சில் கதீஜா அக்காவைப் பற்றி, சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் கிடங்குகள் இருக்கும் சந்தில் இத்தாவின் வீடு. சந்து முழுக்கச் சுக்கும் மிளகும் மணக்கும். வீட்டு வாசலில் ஒரு பாதாம் மரம், அதன் நிழலில் ஒரு சிமெண்ட் தொட்டி. மூட்டை தூக்குகிற ஆட்கள் மத்தியானம் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, தொட்டியில் முகம் கழுவி, கை கால் நனைத்துக் கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டுப் போவார்கள். மட்டாஞ்சேரியில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். வந்தால் வந்த நேரத்தில் பிடித்து நிரப்ப வேண்டும். இத்தா தன் வீட்டுக்குப் பிடிக்கும் முன்பு அந்தத் தொட்டியைத்தான் நிரப்புவார். இறந்துபோன கணவரும் அந்தக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர்தான். அவர் பேரில் செய்கிற தர்மம் அது.

எங்கள் பேச்சைச் சொன்னது சொன்னபடி கேட்ட வீடு அந்தச் சந்தில் அது ஒன்றுதான். சாக்கடைக்குப் பலகை போடச் சொன்னோம், போட்டார். கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டச் சொன்னோம், தன் பழைய முக்காட்டுத் துணியைக் கிழித்துக் கட்டினார். மேடம் பள்ளிக்கூடத்தில் பேசும்போது, "கதீஜா இத்தா வீட்டைப் போய்ப் பாருங்கோ" என்பார். இத்தாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் இத்தா அந்தச் சிமெண்ட் தொட்டியைக் காட்டி, "இதுக்கு மேல ஒரு மரமூடி இருக்கு மேடம். தெனமும் எடுத்து எடுத்து வைக்கணும். வேணமா?" என்று கேட்டார்.

மேடம் குனிந்து பார்த்தார். கண்ணாடி மாதிரி தண்ணீர். "கொசு சாக்கடையிலே ஆக்கும் முட்டையிடும். நல்ல வெள்ளத்துல வராது இத்தா. மூடி எதுக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தண்ணீரை வெள்ளம் என்றும் காய்ச்சலைப் பனி என்றும் சொல்வது உங்களுக்குத் தெரியும். நல்ல தண்ணீரில் வராது என்று அவர் சொன்னது யானைக்கால் கொசுவை மனதில் வைத்து. எங்கள் எல்லோருக்கும் உலகத்தில் வேறு கொசுவே இல்லை என்ற நினைப்பு. இத்தா அன்றே அந்த மூடியை எடுத்துக் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்துவிட்டார்.

சில வருஷம் கழித்து அந்தப் பனி வந்தது. சிக்குன் குனியா.

அதை எப்படிச் சொல்வது? ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஊரே குனிந்து நடந்தது. நேற்று மூட்டை தூக்கியவர் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்குப் போனார். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், மூட்டுவலி இறங்காது. தோப்பும்படித் துறைமுகத்தில் மீன் அறுக்க ஆள் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆள் இல்லை.

நிலையத்திலும் பாதிப் பேர் படுத்துவிட்டோம். ஆனால் வேலை நிற்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் வேலையை மாற்றிக்கொண்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். ராத்திரி ரத்தம் எடுக்கப் போனவர்கள் பகல் வேலைக்கு வந்தார்கள், இந்தக் கொசு பகலில் கடிக்கிற கொசு. விரல் வீங்கி ஊசி பிடிக்க முடியாத விஞ்ஞானி தெருவில் நடக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். முழங்கால் மடங்காத டிரைவர் மேசையில் உட்கார்ந்து புழு எண்ணினார். காலை நீட்டிக் காட்டி, வந்து உட்காரும் கொசுவைப் பிடிப்பது எங்கள் பழைய முறை. அதை ஒரே நாளில் நிறுத்தினார்கள். கதவடைத்துக்கொண்டு இங்கிலீஷில் நடக்கிற வாராந்தரக் கூட்டம் முற்றத்துக்கு வந்தது. யாராலும் மாடி ஏற முடியவில்லை என்பதுதான் காரணம். அதனால் நாங்களும் பக்கத்தில் நின்று கேட்டோம். மற்ற ஊர்களில் உள்ள விஞ்ஞானிகள் தினமும் காலையில் போனில் பேசினார்கள். "உங்க ஊர்ல எங்கே கிடைச்சது? எங்க ஊர்ல கிடைக்கலையே" என்று பெரிய சார் கத்திக் கத்திக் கேட்பார்.

கிடைக்கவில்லை. காரணம், நாங்கள் தேடியது சாக்கடையில். இந்தப் பகல் கொசு நல்ல தண்ணீரில் வளருவது என்று புத்தகத்தில் இருக்கிறது, விஞ்ஞானிகளுக்கும் தெரியும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம் காலில் இருந்தது. கிளம்பினால் கால் தானாகச் சாக்கடைக்குத்தான் போகும். வெளியூர்க் கொசு, மலைத் தோட்டத்துக் கொசு, மட்டாஞ்சேரியில் எங்கே வரப்போகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

மேடத்துக்கும் பனி வந்து முழங்கால் பிடித்திருந்தது. ஒருநாள் பூச்சி அலமாரியின் அருகில் அவர் பென்சில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிடுகிறேன் என்று நான் ஓடினேன். "இரு" என்று கையைக் காட்டினார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது அலமாரியின் காலை. உலர்ந்த பூச்சிகளை எறும்பு தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு பீங்கான் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருப்போம். அழுக்குத் தண்ணீர் கூடாது என்று நல்ல தண்ணீராகவே ஊற்றுவோம். அந்தக் கிண்ணத்தில் புழுக்கள் வளைந்து வளைந்து நெளிந்துகொண்டிருந்தன. அடுத்த கிண்ணத்திலும். அடுத்ததிலும்.

கொசு ஆராய்ச்சி நிலையம் கொசு வளர்த்திருக்கிறது. நாங்கள் அதற்கு நடுவில் உட்கார்ந்து சாக்கடையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். எங்களைக் கடித்ததும் அதுதான். யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

மேடம் தரையில் உட்கார்ந்தபடியே சொன்ன முதல் வார்த்தை, "கதீஜா இத்தா தொட்டி."

என் தோளைப் பிடித்து எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார். ரோட்டில் நடக்கப் போகிறவர் எதற்கு இங்கேயே கழற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை, அப்போது அவருக்கு நிதானம் இல்லை. "நான் போய்ச் சொல்லிட்டு வரேன் சார். மூடி வேண்டாம்னு நானாக்கும் சொன்னேன்."

பெரிய சார் வாசலில் வந்து நின்றார். அவருக்கும் விரல்கள் வீங்கியிருந்தன. "மேடம், கொஞ்சம் யோசிங்க. நோட்டீஸ் அடிச்சு எல்லா வீட்டுக்கும் கொடுப்போம், தண்ணியைக் கொட்டச் சொல்லுவோம். ஆனா முன்னாடி சொன்னது தப்புன்னு நீங்க போய்ச் சொன்னா என்ன ஆகும்? அடுத்து யானைக்கால் மாத்திரை கொடுக்கப் போறோம். அன்னிக்குத் தப்பாச் சொன்னவங்க கொடுக்கற மாத்திரைன்னு எவன் முழுங்குவான்? அந்த நோய் வந்தா கால் போனது போனதுதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது கஷ்டமாக இருந்தது. மேடம் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

தப்பைச் சொல்லாமலே அவர் மாட்டிக்கொண்டதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நோட்டீஸ் வந்தது. வீட்டுக்காரர்களின் கவனக்குறைவால் நல்ல தண்ணீரில் கொசு பெருகுகிறது, சேர்த்து வைத்த தண்ணீரை உடனே கொட்டுங்கள் என்று மலையாளத்தில் இருந்தது. கொடுக்கக் கிளம்பியவர்களில் மேடமும் உண்டு. ஒவ்வொரு வீடாக நொண்டி நொண்டி ஏறி இறங்கினார். இத்தா வீட்டுச் சந்து வந்ததும், முனையிலேயே நின்றுகொண்டு, "நீ போய்க் கொடுத்துட்டு வா" என்று என்னிடம் நீட்டினார்.

இத்தா நோட்டீஸை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "கவனக்குறைவுன்னு எழுதியிருக்கே. யாரோட கவனக்குறைவு?" என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். "வெள்ளத்தைக் கொட்டணுமாம். குழாய் எப்ப வரும்னு எழுதலையா?" என்றார். பிறகு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மேடம் எந்தா அங்கேயே நிக்கறாங்க?"

"கால் வலி இத்தா."

"பாவம். உள்ளே வரச் சொல்லு, ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் திரும்பி வந்து அதைச் சொன்னேன். மேடம் அடுத்த சந்துக்கு நடந்தார்.

அந்த நோட்டீஸ் தன் வேலையைச் செய்தது. சந்துக்காரர்கள் படித்தார்கள். நல்ல தண்ணீர், திறந்த தொட்டி, கவனக்குறைவு. எல்லோர் கண்ணும் ஒரு வீட்டின் மேல் போயிற்று. மூட்டை தூக்குகிற ஆட்களில் முதலில் விழுந்தது ஹம்சாக்கா, ஹம்சா இக்கா, நம் பேச்சில் ஹம்சா அண்ணன். எப்போதும் அந்த மரத்தடியில்தான் மத்தியானம் கண்ணயருவார். இப்போது அவரால் கையை மூட முடியவில்லை. கை மூடாவிட்டால் கொக்கி பிடிக்க முடியாது. கொக்கி பிடிக்காமல் மூட்டை எப்படித் தூக்குவது? அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் சாயாக்கடையில் மற்றவர்கள் சொன்னார்கள்.

"புண்ணியத்துக்கு வெச்ச வெள்ளமாம். நம்மளுக்கு வெச்சது பனி."

"சாக்கடையைப் பொத்தி வெச்சாங்க, மெடல் வாங்கற மாதிரி. வாசல்ல கொசுப்பண்ணை."

இத்தா காதில் விழவேண்டும் என்றே சொன்னார்கள். பாதாம் மரத்தடியில் யாரும் உட்காரவில்லை. மத்தியானத்தில் வெயிலில் போய் நின்றாலும் நின்றார்கள், அங்கே வரவில்லை.

நிலையத்தில் சாயா குடிக்கும்போது நான் மேடத்திடம் சொன்னேன், "இத்தா வீட்டுத் தொட்டி கவுந்து கிடக்கு மேடம். உடைஞ்சிருக்கு."

"யார் உடைச்சா?"

"இத்தாவேதான். கடப்பாரையை வெச்சு நெம்பிக் கவுத்தாங்களாம். தனியா."

அவர் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. பெரிய சார் அறைப்பக்கம் பார்க்கவும் இல்லை.

கொச்சங்காடிச் சந்து முனைக்கு நாங்கள் வந்தபோது உச்சி வெயில், மழை இரண்டு நாளாய் விட்டிருந்தது. எதிர்ச் சாயாக்கடையில் ஆட்கள் நிறைய. ஹம்சாக்கா இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் கிளாஸை அழுத்திப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். மேடம் சந்து முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். சுடுகிற ரோட்டில் வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு நடந்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தா."

கதவு பாதி திறந்தது.

"கொஞ்சம் வெளியே வரணும் இத்தா. எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு காரியம் சொல்லணும்." கடைப்பக்கம் திரும்பினார். அவர் குரல் எப்போதும் சத்தம் இல்லாத குரல். அன்று கத்தினார். "இந்தத் தொட்டிக்கு மூடி இருந்தது. இத்தா மூடி வெச்சுண்டிருந்தாங்க. வேண்டாம், நல்ல வெள்ளத்துல கொசு வராதுன்னு சொன்னது நானாக்கும். என் பேச்சைக் கேட்டுத்தான் மூடியை எடுத்தாங்க. கவனக்குறைவுன்னு நோட்டீஸ்ல எழுதினோமே, அது எங்க கவனக்குறைவு. எங்க ஆபீஸ்லேயே அந்தக் கொசு வளந்திருந்தது. தப்பு எங்களோடது."

இத்தா வாசற்படியில் நின்று அவர் காலைப் பார்த்தார். வெறுங்கால். அந்தக் கதை இத்தாவுக்கும் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"மேடம், இது எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

மேடம் பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம். "நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடியே" என்றார்.

"அப்ப அன்னிக்கு முனையில நின்னது?"

"தெரிஞ்சுதான் நின்னேன்."

இத்தா தலையை ஆட்டினார். கோபத்தோடு இல்லை. கணக்குச் சரியாகிவிட்டது போல. "ஒரு பூச்சிக்காக வைப்பினுக்குப் படகு பிடிச்சுப் போனீங்களாமே. பெரிசாச் சொல்லுவாங்க. இங்கே வர எந்தா மேடம், படகு வேணமா? நடந்தா எத்தனை தூரம்?"

மேடத்தின் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு நிலையத்துக் காக்கிச் சட்டை உடம்பில் ஒட்டி எரிவது போல் இருந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதானே நோட்டீஸ் கொடுத்தேன்.

ஹம்சாக்காதான் கடையிலிருந்து, "மேடம், செருப்பைப் போட்டுக்கோங்க. ரோடு சுடும்" என்றார்.

மேடம் போட்டுக்கொள்ளவில்லை. இத்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அன்று கட்டஞ்சாயா இல்லை.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. அடுத்த நோட்டீஸில் 'நாங்கள் முன்பு தவறாகச் சொல்லிவிட்டோம்' என்ற வரி முதலில் இருந்தது. பெரிய சாரே எழுதினார். அந்த வரியை அடிக்கடி பேனாவால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். தண்ணீரைக் கொட்டச் சொல்வதை விட்டோம். குழாய் வராத ஊரில் தண்ணீரைக் கொட்டு என்பது அடுப்பை அணை என்பது மாதிரி. அதற்குப் பதிலாக, எந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தில் ஏன் சேர்த்து வைக்கிறார்கள் என்று முதலில் கேட்டோம். பழைய லுங்கியை வாயில் போட்டு, சைக்கிள் ட்யூபைக் கீறி இழுத்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. எங்கள் முற்றத்துக் கூட்டமும், எல்லோருக்கும் மாடி ஏற முடிந்த பிறகும், முற்றத்திலேயே நடந்தது. போனில் மற்ற ஊர்க்காரர்களிடம் பெரிய சார், "எங்க ஊர்ல எங்கே கிடைச்சது தெரியுமா? எங்க அலமாரிக்கு அடியில" என்று சொல்வதை நானே கேட்டேன். சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும்.

யானைக்கால் மாத்திரை கொடுக்கப் போனபோது, எங்கள் கண் எதிரில் முழுங்க வைக்க வேண்டும் என்பது உத்தரவு. இத்தா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது நல்லாத் தெரிஞ்சுதானே தர்றீங்க? நாளைக்குச் செருப்பைக் கழட்டிக்கிட்டு வர மாட்டீங்களே?"

"இன்னிக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரியாக்கும் இத்தா. தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே வருவேன்."

"நாளைக்கே?"

இத்தா கையை மூடிக்கொண்டார். "வெச்சிருக்கேன். அப்புறம் முழுங்கிக்கறேன்." முழுங்கினாரா என்று எங்களுக்குத் தெரியாது. கட்டாயப்படுத்த மேடத்துக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பெரிய சார் பயந்தது அந்த ஒரு கைக்குள் இருந்தது. அது மேடம் வந்து சொன்னதால் வந்ததா, வராமல் இருந்ததால் வந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஹம்சாக்கா அடுத்த மழைக்காலத்தில்தான் மறுபடி கொக்கி பிடித்தார், அதுவும் சின்ன மூட்டைகளுக்கு. இத்தா புதுத் தொட்டி கட்டினார். கோழிக்கூட்டில் இருந்து அந்தப் பழைய மூடி திரும்பி வந்தது. ஓரத்தில் கோழி கொத்திய தழும்புகளோடு அது இன்றும் அங்கே இருக்கிறது. போகும்போது உங்களுக்குக் காட்டுகிறேன்.

மேடம் மாற்றலாகிப் போகும் வரை அந்தச் சந்து வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு காரியம் செய்தார். இத்தா வீட்டு வாசல் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அந்த வீட்டைத் தாண்டியதும் போட்டுக்கொள்வார். சாயாக்கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பார்க்காதது போல் இருந்தார்கள். எனக்கோ ஒவ்வொரு தடவையும் பூமிக்குள் போய்விடலாம் போல இருக்கும். போதும் மேடம் என்று சொல்லத் தோன்றும், சொன்னதில்லை.

ஒருநாள் இத்தா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மேடம் செருப்பைக் கழற்றுவதை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கு எந்தா மேடம் புதுசாத் தப்பு?"

"புதுசு இல்லை இத்தா. அன்னிக்கு உள்ளதுதான்."

இத்தா மறுபடி மீனைக் கழுவ ஆரம்பித்தார். போதும் என்று சொல்லவில்லை. மேடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூடி போட்ட தொட்டியைத் தாண்டி நடந்தார்.